லாரிக்காரங்க கேள்வி பதில்: ஒரு சொட்டு ஒழுகல, கூலண்ட் மட்டும் காணோம்

கேள்வி: அண்ணே வணக்கம். ஊரு சங்ககிரி, சொந்தமா ஒரு 12 வீல் வண்டி, நானே தான் ஓட்டுறேன், சேலம் – நாக்பூர் லைன். மூணு மாசமா ஒரு நடைக்கு 4 லிட்டர் கூலண்ட் (இன்ஜின் சூட்டை ஆத்துற தண்ணி) குறையுது. அடியில அட்டை விரிச்சுப் பாத்தாச்சு, ஒரு சொட்டு இல்ல. பட்டறையில ரேடியேட்டர் மாத்துனாங்க, நிக்கல. வாட்டர் பம்ப் மாத்துனாங்க, அப்பவும் அதே கதை. இப்ப இன்ஜின் ஹெட்டை (சிலிண்டருக்கு மேல இருக்கிற மூடி) கழட்டணும்ங்கிறாங்க. கழட்டட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஒரு தடவையாச்சும் பிரஷர் டெஸ்டர் மாட்டிப் பாத்தாங்களான்னு நீங்க எழுதல, பாத்திருந்தா எழுதியிருப்பீங்க. பம்ப்ல சீல் போயிருந்தா அதோட வயித்துல இருக்கிற சின்ன ஓட்டை வழியா கசிஞ்சு, காஞ்சு, கூலண்ட் கலர்லயோ வெள்ளையாவோ கோடு விட்டிருக்கும், அந்தக் கோடு இல்லாத பம்பை எதுக்கு மாத்துனாங்களோ.

மொதல்ல எப்ப குறையுதுன்னு கண்டுபிடிங்க. இன்ஜின் நல்லா ஆறுனதும் கூலண்ட் டேங்க்ல மார்க்கரால ஒரு கோடு போட்டுட்டுப் படுங்க, விடிஞ்சு பாருங்க. நின்ன இடத்துலயே குறைஞ்சிருந்தா பெரும்பாலும் ஹோஸ் கிளிப் தான், சூடா இருக்கிறப்ப எல்லாம் விரிஞ்சு இறுக்கிப் பிடிச்சுக்கும், விடியக்காலம் குளுந்ததும் சுருங்கி கசியும், அதைப் போயி மத்தியானம் சூடு இன்ஜின்ல தேடுனா எங்க கிடைக்கும்.

ஓடும்போது தான் குறையுதுன்னா கூலண்ட் மூடிய சந்தேகப்படுங்க, எல்லாத்தையும் விட மலிவு அது தான். 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்குற மூடி சரியா பிடிச்சா உள்ள தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஸ்பிரிங் தளந்துட்டா தொப்பூர் ஏத்தத்துல லோடோட ஏறுறப்பவே கொதிச்சு ஓவர்ஃப்ளோ பைப் வழியா வெளிய தள்ளிடும், காத்துல காஞ்சும் போயிடும், நீங்க வண்டிய நிறுத்திப் பாக்கிறப்ப அடியில ஒண்ணும் இருக்காது.

மூடி நல்லா இருந்தா டெஸ்டர். கை பம்ப்ல கேஜ் வச்சது தான், இன்ஜின் குளுந்து இருக்கிறப்ப மாட்டி மூடியில போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் காத்து அடிங்க, அதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்கிற ஹோஸும் போயிடும். அரை மணி நேரம் விடுங்க, முடிஞ்சா ராத்திரி பூரா விடுங்க. முள்ளு இறங்குது, வெளிய எங்கயும் ஈரம் இல்லன்னா உள்ள தான் போகுது. காலையில எடுத்ததும் செல்ஃப் அடிச்சுடாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கி நின்னா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், அதனால மொதல்ல கையால ரெண்டு சுத்து சுத்தி விடுங்க.

உள்ள போச்சுன்னா எங்க போகும்? ஆயில்ல போனா சம்ப் பிளக்க (இன்ஜின் அடியில ஆயில் இறக்குற நட்டு) மெதுவா லூஸ் பண்ணுங்க, தண்ணி கனம், அடியில தங்கியிருக்கும், ஆயிலுக்கு முன்னாடி அது தான் வரும். அப்படி வந்தா லைனர் (பிஸ்டன் ஓடுற குழாய்) ஓரிங், ஆயில் கூலர் ரெண்டுல ஒண்ணு போயிருக்கும். சைலன்சர்ல சூடானப்புறமும் வெள்ளப் புகை நிக்காம, இனிப்பு வாசனையா வந்தா ஹெட் கேஸ்கெட்டா (ஹெட்டுக்கு அடியில வைக்கிற சீல்) இருக்கலாம், இல்ல வண்டியில ஈஜிஆர் கூலர் (புகைய ஆத்தி மறுபடி இன்ஜினுக்குள்ள விடுறது) இருந்தா அதுவா இருக்கலாம். ஈஜிஆர் கூலர் உள்ள ஒழுகுறது எக்ஸாஸ்ட்லயே ஆவியாயிடும், அடியில அட்டை விரிச்சு என்ன பண்ண.

ஆனா உங்க கதையப் படிக்கிறப்ப எனக்கு ஏர் கம்ப்ரஸர் மேல தான் கண்ணு போகுது. பிரேக்குக்கு காத்து அடிக்கிற கம்ப்ரஸர் ஹெட்டுக்கும் இன்ஜின் கூலண்ட் தானே போகுது, அந்த ஹெட் கேஸ்கெட் போனா காத்து கூலண்டுக்குள்ள புகுந்து டேங்க்ல இருக்கிறத வெளிய தள்ளும். பாக்கிறவங்க முட்டை முட்டையா குமிழி வருது, இன்ஜின் ஹெட் போச்சும்பாங்க. நானும் அப்படித்தான், பல வருசம் முன்னாடி ஒருத்தர் வண்டியில ஹெட்டைக் கழட்டி கேஸ்கெட் புதுசா போட்டு ஏத்தி, ஸ்டார்ட் பண்ணா மறுபடியும் முட்டை. அந்த மனுசன் மூஞ்சிய இன்னும் மறக்கல. கூலி வாங்கல, ஆனா அவருக்கு நாலு நாள் ஓட்டம் போச்சே.

இதுக்கு டெஸ்ட் சுலபம், காசே இல்ல. காலையில குளுந்த வண்டியில ஏர் டேங்க் எல்லாத்தையும் திறந்து காத்த விட்டுட்டு (வீல்ல கட்டை வைங்க) கூலண்ட் மூடியக் கழட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. காத்து ஏற ஏற முட்டை வரும். ஏர் ஃபுல்லாகி ஏர் டிரையர் (காத்துல இருக்கிற ஈரத்த எடுக்கிறது) புஸ்ஸுன்னு விட்டதும் முட்டை நின்னுட்டா கம்ப்ரஸர், அதுக்கப்புறமும் வந்துட்டே இருந்தா அப்ப தான் இன்ஜின் ஹெட். சூடு ஏறுறதுக்குள்ள முடிச்சு மூடியப் போட்டுடுங்க. ஏர் டேங்க்ல இருந்து வர்ற தண்ணி கலரா இருந்தாலும் கம்ப்ரஸர் தான்.

கேள்வி: ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா ஒழுகல் நிக்குமா? – ஒரு டிரைவர், நாமக்கல்

பதில்: சின்ன ஓட்டைன்னா நிக்கும், பொய் சொல்லக் கூடாது, நானே நடுக்காட்டுல போட்டிருக்கேன். பட்டறை வரைக்கும் வர்றதுக்கு மட்டும் தான் அது. ஓட்டைய மட்டும் பாத்து அடைக்க மஞ்சளுக்குக் கண்ணா இருக்கு, ரேடியேட்டர்ல இருக்கிற சின்னக் குழாய், ஆயில் கூலர் எல்லாத்துலயும் போயி உக்காந்துக்கும். வந்ததும் பூராவும் கழுவிடுங்க.

கேள்வி: நம்ம ஊர் குளிருக்குத் தண்ணியே உறையாது, வெறும் போர் தண்ணி ஊத்துனா என்ன? – ராசிபுரம் வாசகர்

பதில்: கூலண்ட் ஊத்துறது உறையாம இருக்கிறதுக்காக மட்டும் இல்லைங்க. டீசல் இன்ஜின் ஓடுறப்ப லைனர் அதிரும், அதுல சின்னச் சின்னக் குமிழி உண்டாகி உடைஞ்சு உடைஞ்சு இரும்பையே ஊசி குத்துன மாதிரி அரிச்சுடும், கடைசியில லைனர் ஓட்டையாகி தண்ணி ஆயிலுக்குள்ள இறங்கும். அதைத் தடுக்கிற மருந்து கூலண்ட்ல இருக்கு. போர் தண்ணி உப்பு வேற, அடுப்புல வச்ச பாத்திரத்துல வெள்ளையா படியுதுல்ல, அதே தான் உள்ளயும் படியும். வண்டிக் கம்பெனி சொன்ன கூலண்ட், பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். ரெடியா கலந்து வர்ற டப்பான்னா தண்ணி சேக்காதீங்க. மிச்சத்த எங்கயும் திறந்து வைக்காதீங்க, இனிப்பா இருக்குன்னு நாய் நக்கிடும், விஷம்.