விசுவாசிகளின் நித்திய வீடு

கேள்வி: விசுவாசிகள் என்றென்றும் வாழப்போகும் இடம் எப்படியிருக்கும்? சரீரமில்லாத ஆவிகளாக வானத்தில் இருப்போமா?

பதில்: பலர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமே, ஏனெனில் வேதம் தரும் நம்பிக்கை அதைவிட மிகப் பெரியது. சரீரம் அழியாமையுள்ளதாய் எழுந்திருக்கும் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15). புதிய வானத்தையும் புதிய பூமியையும் கண்ட யோவான், பரிசுத்த நகரமாகிய புதிய எருசலேம் தேவனிடத்திலிருந்து இறங்கிவரக் காண்கிறார் (வெளிப்படுத்தல் 21). அதன் நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி, அதாவது ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர்.

இந்த அளவை வியந்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. சாலொமோன் கட்டிய ஆலயத்தில், தேவனுடைய பிரசன்னம் தங்கிய உள்ளறையாகிய மகா பரிசுத்த ஸ்தலமும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 20 முழமாகவே இருந்தது (1 இராஜாக்கள் 6:20). பிரதான ஆசாரியர் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, இரத்தத்தோடு நுழைந்த அந்த இடத்தின் வடிவத்தை இப்போது ஒரு நகரம் முழுவதும் பெற்றிருக்கிறது. ஆகவேதான் அங்கே தனியாக ஓர் ஆலயம் இல்லை. கர்த்தரும் ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவுமே அதற்கு ஆலயம். மரணமும் துக்கமும் அங்கே இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. சோம்பலான ஓய்வும் அங்கே இல்லை: அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள், அவருடைய முகத்தையும் காண்பார்கள் (வெளிப்படுத்தல் 22:3, 4).