விளக்கெண்ணெய் ஏன் ஹெக்ஸேனில் முழுதாகக் கரைவதில்லை?

கேள்வி இதுதான்: தேங்காய் எண்ணெய் ஹெக்ஸேன் என்ற பெட்ரோலிய வகைக் கரைப்பானில் எந்த அளவிலும் கலக்கிறது, விளக்கெண்ணெய் மட்டும் கலங்கிப் பிரிகிறது. இரண்டும் எண்ணெய்தானே?

இரண்டும் ட்ரைகிளிசரைடுகள்தான், அதாவது ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த மூலக்கூறுகள். ஆனால் விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதன் 18 கார்பன் சங்கிலியில் 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதி தொங்குகிறது. ஆக, பெரும்பாலான மூலக்கூறுகளில் இரண்டு, மூன்று ஹைட்ராக்சில்கள் இருக்கும். இவை பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொள்கின்றன. விளக்கெண்ணெய் அவ்வளவு கெட்டியாக வழிவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

முனைவற்ற (மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாயாத) கரைப்பான் முனைவுள்ள பொருளை விலக்கித் தள்ளுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஹெக்ஸேன் எதையும் தள்ளுவதில்லை. கோத்திருக்கும் ஹைட்ராக்சில்களைப் பிரித்தால் அந்த இழப்புக்கு ஈடாகக் கொடுக்க அதனிடம் லண்டன் விசை என்ற, எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வலுக்குறைந்த ஈர்ப்பு மட்டுமே உண்டு. தேங்காய் எண்ணெயிலும் எஸ்டர் தொகுதிகள் (கொழுப்பு அமிலம் கிளிசராலோடு இணையும் இடங்கள்) முனைவுள்ளவைதான். ஆனால் அவை தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போடுவதில்லை. மீதியெல்லாம் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி என்பதால் அது எளிதாகக் கரைகிறது.

செய்து பார்க்க, நன்றாக உலர்ந்த சோதனைக் குழாயில் 2 மி.லி. விளக்கெண்ணெயும் 1 மி.லி. பெட்ரோலியம் ஈதரும் விட்டுக் குலுக்குங்கள். (பெயரில்தான் ஈதர், உள்ளே இருப்பது பென்டேன், ஹெக்ஸேன் வகைகள்.) தெளிவாகக் கலக்கும். இங்கே எண்ணெய்தான் அதிகம், அதன் ஹைட்ராக்சில்கள் இன்னும் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கின்றன. மேலும் 3 மி.லி. சேர்த்துக் குலுக்கினால் கலங்கி, நிற்க வைத்தால் இரண்டு அடுக்காகும். தேங்காய் எண்ணெய் இதே 4 மி.லி.யில் தெளிவாகவே நிற்கும். எத்தனாலில் கதை தலைகீழ்: விளக்கெண்ணெய் சம அளவு எத்தனாலில் கலந்துவிடும், தேங்காய் எண்ணெய் பிரிந்து நிற்கும்.

சோதனை பிசகும் இடங்களையும் சொல்ல வேண்டும். குழாயில் ஈரம் இருந்தால் தண்ணீர்த் துளிகளே கலங்கலைத் தரும். அறை வெப்பமாக இருந்தால் கலங்கலே வராமல் போகலாம், ஏனென்றால் வெப்பம் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. ஆலைகளில் ஆமணக்குப் பிண்ணாக்கிலிருந்து மிச்ச எண்ணெயைச் சூடான ஹெக்ஸேன் இழுத்தெடுப்பதும் இதனால்தான். அறை வெப்பத்தால் கலங்கல் வராவிட்டால் விளக்கெண்ணெய்க் குழாயைக் குளிர்ந்த நீரில் வையுங்கள். தேங்காய் எண்ணெய்க் குழாயை வைக்காதீர்கள், உறைந்து குழப்பும். விளக்கெண்ணெயில் வேறு எண்ணெய் கலப்படமாக இருந்தாலும் கலங்கல் குறையும்.

பெட்ரோலியம் ஈதருக்குப் பதில் பங்க் பெட்ரோலை ஊற்றிப் பார்க்க வேண்டாம். இப்போது இந்தியாவில் அதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஹைட்ராக்சில்களோடு தானே பிணைப்பு போட்டு விளக்கெண்ணெயைக் கரைய வைக்கும், முடிவு பொய்யாகும். எதைச் செய்தாலும் பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேசை மட்டத்திலேயே ஊர்ந்து போய்த் தீப்பிடிக்கும்.

முதல் உலகப்போர்க் கால விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு (சிலிண்டர்களே சுழலும் வகை) விளக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் குணம் ஒரு பெரிய காரணம். அவற்றில் பெட்ரோல் கலவை எஞ்சினின் நடுத்தண்டு இருக்கும் கிராங்க் அறை வழியாகவே போகும். சாதாரணக் கனிம எண்ணெய் அதில் கரைந்து நீர்த்துவிடும். விளக்கெண்ணெய் எளிதில் கரையாமல் உலோகத்தின் மேல் படலமாக நின்றது.