மெய்நிகர் வெளியில் அனிமேஷன் கதாபாத்திரத்தைக் கையால் நடிக்க வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: விரல்களைக் கேமரா கண்காணிப்பது நல்லதா, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரா?

பதில்: தலை, உடல் நகர்வுக்குக் கன்ட்ரோலர். விரல், வாய் அசைவுக்கு விரல் கண்காணிப்பு. மெய்நிகர் கருவிகளுக்கான பொதுத் தரநிலையான ஓபன்எக்ஸ்ஆரில் ஒரு கைக்கு 26 மூட்டுப்புள்ளிகள் கிடைக்கின்றன. ஒரு கை மற்றதை மறைத்தால் மென்பொருள் ஊகிக்கத் தொடங்கிவிடும். கைகளை விலக்கியே வைத்திருங்கள்.

கேள்வி: கதாபாத்திரம் சோகத்தில் தலைகுனிய வேண்டும். பதிவு செய்தால் வெறுமனே தலையாட்டுகிறது.

பதில்: எல்லாவற்றையும் ஒரே பதிவில் நடிக்கப் பார்க்கிறீர்கள். அடுக்கடுக்காகப் பதியுங்கள். முதலில் மார்பு மட்டும்: மூச்சு வெளியேற, தோள் தாழ வேண்டும். அடுத்து தலை. உங்கள் மணிக்கட்டுதான் அதன் கழுத்து, விரல்நுனி அதன் முகவாய். குனியும் முன் தலை இம்மியளவு மேலெழட்டும், பிறகு தாழட்டும், தாழ்ந்த இடத்தில் அப்படியே நிற்கட்டும். சோகம் தெரிவது அந்த நிற்றலில்தான். கடைசியாகக் கண். அந்த அடுக்கை மட்டும் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே தள்ளுங்கள். கண் தாழ்ந்த பிறகு தலை தாழ்ந்தால் உள்ளே ஏதோ நினைப்பு ஓடுவது தெரியும். நடுக்கத்துக்குப் பயந்து மென்மையாக்கும் வடிகட்டியைக் கூட்டாதீர்கள். நடுக்கத்தோடு தயக்கத்தையும் அது அழித்துவிடும்.

கேள்வி: எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: மெய்நிகர் வெளியிலேயே வரைந்து இயக்குவதென்றால் குவில் என்ற மென்பொருள். மற்றபடி, அடுக்குப் பதிவு இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: நடுக்கத்துக்கு வடிகட்டி எவ்வளவு வைக்கலாம்?

பதில்: முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டி வேண்டாம்.

கேள்வி: இது அனிமேஷனே அல்ல, பொம்மலாட்டம். கீஃபிரேம் (முக்கிய நிலைகளை மட்டும் குறித்து இயக்கும் முறை) தெரியாதவர்களின் குறுக்குவழி.

பதில்: பொம்மலாட்டத்தை வசைச்சொல்லாக்காதீர்கள். நூலை எப்போது சுண்டுவது, எப்போது தளர்த்துவது என்பதே ஒரு ஆயுள் பயிற்சி. கீஃபிரேமில் நிலைகளை வைத்துவிட்டு, இடைப்பட்ட நேரத்தை அசைவின் வேகம் காட்டும் வளைகோட்டில் தேடுகிறீர்கள். கை அந்த நேரத்தை முதலிலேயே தருகிறது.

அவரே மீண்டும்: அப்படியானால் கை தருவதே இறுதியா?

பதில்: இல்லை. உடல் அழுந்தித் தட்டையாகும் நசுங்கல், இழுபட்டு நீளும் நீட்சி இரண்டும் கையில் வராது. மிகைப்படுத்தவும் கை கூசும். ஆகவே பதிந்தபின் உச்ச நிலைகளைக் கீஃபிரேமில் இன்னும் இழுத்து வையுங்கள். இரண்டும் தேவை, வரிசைதான் மாறுகிறது.

கேள்வி: வடிகட்டியை முழுதாக வைத்தால் நடுக்கம் போய்விடுமே?

பதில்: நடிப்பும் போய்விடும். மூன்றாம் முறை சொல்கிறேன்.

கேள்வி: வேகமான குத்து சரியாக அமையவில்லை.

பதில்: காட்சியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பதியுங்கள். கதாபாத்திரத்தையும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள், மணிக்கட்டுச் சுழற்சிக்குள் முழு வீச்சும் அடங்கிவிடும், தோளும் வலிக்காது.