பத்து நாளில் இலங்கையின் எல்லாக் கரையும்: வைப்பை உடைக்கலாமா, கடனட்டையில் போடலாமா?

கேள்வி: நாங்கள் கண்டியில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் கைக்கு வருவது தலா 1,10,000 ரூபா. மாதம் 40,000 மிச்சம் பிடிக்கிறோம். சேமிப்புக் கணக்கில் 3,50,000 இருக்கிறது. என் பெயரில் 5 இலட்சம் நிலையான வைப்பு, நவம்பரில் முதிர்கிறது. ஆகஸ்ட் விடுமுறையில் பத்து நாள் வேனில் நாட்டைச் சுற்றி எல்லாக் கடற்கரைகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. கேட்ட விலை 4,80,000: வேன் 2,20,000, அறைகள் 1,70,000, சாப்பாடு 90,000. வைப்பை உடைப்போமா, கடனட்டையில் 12 மாதத் தவணை போடுவோமா? இப்போது மே மாதம்.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணம் போங்கள்.

முதலில் தவணைக் கணக்கு. 4,80,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000. நீங்கள் மிச்சம் பிடிப்பதும் அதே 40,000. ஆக, பத்து நாள் பயணத்துக்காக ஒரு வருடச் சேமிப்பு முழுவதும் போய்விடும். 'வட்டி இல்லை' என்பார்கள். ஆரம்பத்திலேயே ஒரு கையாளல் கட்டணம் பிடிப்பார்கள். ஒரு தவணை பிந்தினால் கடனட்டையின் வழமையான வட்டி தொடங்கிவிடும். வைப்பை முதிர்வுக்கு முன் உடைத்தாலும் நட்டம்தான்: பணம் இருந்த காலத்துக்குக் குறைந்த வீதத்தில் வட்டியைத் திருப்பிக் கணக்கிடுவார்கள்.

இனி உங்கள் பட்டியலைப் பாருங்கள். கிட்டத்தட்ட பாதிப் பணம் வேனுக்குப் போகிறது. காலியில் குளித்துவிட்டு ஓடி அறுகம்பை, அங்கிருந்து திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், கல்பிட்டி என்று போனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பிள்ளைகள் வேனுக்குள்தான் இருப்பார்கள். கடலுக்குக் கொடுப்பதைவிட டயருக்குக் கொடுப்பது அதிகம்.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தெற்கும் மேற்கும் கொந்தளிப்பாக இருக்கும். அதே நேரம் கிழக்கு அமைதியாகக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் இது அப்படியே தலைகீழ். எல்லாக் கரையும் ஒரே நேரத்தில் குளிக்கத் தோதாக இருக்கும் மாதம் என்று ஒன்றை நம்பிப் பணம் கட்ட முடியாது. நானும் ஒருமுறை ஜூன் மாதத்தில், அறை பாதி விலை என்று கேட்டதும் குடும்பத்தோடு தெற்குக்கு ஓடினேன். நான்கு நாளும் சிவப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டு மாடியில் தேநீர் குடித்தோம். நாற்காலியெல்லாம் உப்பு ஈரம். பிள்ளைகள் குளித்தது ஹோட்டல் தடாகத்தில். அதற்குக் கடல்வரை போயிருக்கத் தேவையில்லை.

அதனால் பயணத்தை இரண்டாக வெட்டுங்கள். ஆகஸ்டில் கிழக்கு மட்டும், நான்கு நாள். கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கு பஸ் இருக்கிறது; வேன் வேண்டாம். உங்கள் கணக்குப்படியே அறையும் சாப்பாடும் ஒரு நாளைக்கு 26,000. நான்கு நாளுக்கு 1,04,000. மே, ஜூன், ஜூலை மிச்சம் 1,20,000. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் 16,000 இருக்கும். இறுக்கம்தான், ஆனால் காணும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ள சின்னத் தீவான புறாமலைக்குப் படகும் நுழைவுச்சீட்டும் தனிச் செலவு. அதற்கு மட்டும் சேமிப்பில் கொஞ்சம் கை வையுங்கள். அது தேசியப் பூங்கா, பவளப்பாறையை மிதிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னவர் தண்ணீருக்குப் பயந்தவர் என்றால் நிலாவெளியைவிட பாசிக்குடா நல்லது. அங்கே வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான்.

தெற்கை டிசம்பருக்கு வையுங்கள். நவம்பரில் வைப்பு முதிர்ந்திருக்கும். அதன் வட்டியையும் ஆகஸ்டுக்குப் பிறகு சேர்வதையும் எடுங்கள். வைப்பில் போட்ட 5 இலட்சம் திரும்ப வைப்புக்கே போகட்டும். உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் அப்போது கடல் தணியத் தொடங்கும், திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் ஓடும். நத்தார் வாரத்தில் விலை ஏறிவிடும், அதற்கு முன் போய் வந்துவிடுங்கள். யாழ்ப்பாணம், மன்னார் இன்னொரு வருடத்துக்கு. கல்பிட்டி ஆகஸ்டில் பட்டம் கட்டி அலைமேல் ஓடுபவர்களுக்கு சொர்க்கம், மற்றவர்களுக்கு முகமெல்லாம் மணல்.

சேமிப்புக் கணக்கை ஏன் இவ்வளவு காவல் காக்கிறேன் என்றால், உங்கள் செலவே மாதம் 1,80,000. ஓர் அவசரம் வந்தால் அந்த 3,50,000 இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்று கண்டிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10% வரி கழிக்கிறார்கள். ஆனால் ஒருவரின் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 13,20,000 அளவில்தான் வருகிறது. வட்டியைச் சேர்த்தாலும் எல்லைக்குள்தான். படிவத்தை இந்த வாரமே கேளுங்கள்.

ஆகஸ்ட் அறையையும் இப்போதே பேசுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் திருகோணமலையில் அறை கிடைப்பது கஷ்டம், நடு வாரத்தில் போங்கள். முற்பணம் கட்டுமுன், வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.