மேய்ச்சல் நிலத்தில் லீஃபி ஸ்பர்ஜ்: பிடுங்கப் பிடுங்க ஏன் முளைக்கிறது?

உங்கள் மேய்ச்சல் நிலத்தில் பிடுங்கினாலும் மீண்டும் மீண்டும் முளைக்கும் மஞ்சள் பூச்செடி, தண்டைக் கிள்ளினால் பால் வடிகிறது என்றால், அநேகமாக லீஃபி ஸ்பர்ஜ்தான். நம்மூர்க் கள்ளி, அம்மான் பச்சரிசிக்கு உறவுக்காரன். மஞ்சளாகத் தெரிவது இதழே அல்ல; பூவுக்குக் கீழே ஜோடியாக நிற்கும் பூவடிச் செதில்கள்.

பூர்வீகம் யுரேசியப் புல்வெளி. அமெரிக்காவில் 1827இல் மாசசூசெட்ஸில் பதிவானது. இன்று வடக்கு டகோட்டா, மொன்டானா மேய்ச்சல் நிலங்களுக்குப் பெரிய தலைவலி.

காரணம் வேர். 4.5 மீட்டருக்கும் கீழே இறங்கும், வழிநெடுக இளஞ்சிவப்பு மொட்டுகள். தண்டைப் பிடுங்கினால் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். உழுதால் இன்னும் மோசம்: அறுபட்ட துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். காய் வெடித்தால் விதை 4 மீட்டருக்கு மேல் தெறிக்கும். மண்ணில் எட்டு ஆண்டு வரை உயிரோடு கிடக்கும்.

2,4-டி என்ற களைக்கொல்லியை மட்டும் அடித்தால் மேல்பாகம் கருகும், வேர் தப்பிவிடும். பிக்லோராம் என்ற களைக்கொல்லி வேருக்குள் போகும். ஜூனில் உண்மையான பூ விரியும்போதோ, செப்டம்பர் மறுதளிரிலோ தெளியுங்கள். ஆனால் மரத்தடியிலும் நீர்நிலை ஓரத்திலும் வேண்டவே வேண்டாம்.

மாடு இதைத் தொடாது. ஆடு விரும்பித் தின்னும். விதை பிடித்தபின் மேய்த்தால், வேறு வயலுக்கு ஓட்டுமுன் ஒரு வாரம் பட்டியில் அடையுங்கள், புழுக்கையில் விதை வரும். பெரிய பரப்புக்கு அஃப்தோனா வண்டு நல்லது: அதன் புழு வேரையே தின்னும். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

கையுறை அவசியம். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரும்பாடு.