தொங்கிய மணிக்கட்டு நிமிருமா?

கேள்வி: தங்கச்சிக்கு வயது 27. கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள் தாங்கமுடியாத வயிற்றுக்குத்து. பத்து நாளில் இரண்டு மணிக்கட்டும் தொங்கிவிட்டன. அக்கியூட் போர்பிரியா என்கிறார்கள். கை திரும்புமா? – வாசகி, மாங்குளம்

பதில்: பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கு எடுக்கும், சிலருக்கு ஓரிரு வருடம். இந்நோயில் நரம்பின் உறையைவிட உள்ளே ஓடும் இழையே அதிகம் கெடுகிறது. அந்த இழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும்.

இந்நோய் உள்ளவர்களுக்கு, ஈரலில் ஹீம் (இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள்) தயாராகும் வழியில் ஒரு நொதி பிறப்பிலேயே குறைவு. பட்டினி கிடந்தால் ஈரல் அந்த வேலையை முடுக்கிவிடும். இடையில் ஏ.எல்.ஏ., பி.பி.ஜி. என்ற பொருட்கள் தேங்கும். ஏ.எல்.ஏ.தான் நரம்புக்கு நஞ்சாகிறது என்பது இன்றைய கணிப்பு. வயிற்றுக்குத்தும் நரம்பிலிருந்தே வருவதால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனால் நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறும், மலம் இறுகும், சோடியம் இறங்கும். (வன்னியில் விடியற்காலை வயிற்றுவலியோடு கண்ணிமை தொங்கினால் முதலில் கட்டுவிரியன் கடியைத்தான் நினைக்கவேண்டும். அது மணித்தியாலக் கணக்கில் முற்றும், இது நாட்கணக்கில்.)

சலத்தில் பி.பி.ஜி. பார்க்காவிட்டால் உடனே கேளுங்கள். நோய் கிளம்பியிருக்கும்போது அது பல மடங்கு கூடியிருக்கும். போத்தலை அலுமினியத் தாளால் சுற்றி ஐஸ் பெட்டியில் அனுப்பவேண்டும்; வெளிச்சம் பட்டால் அளவு இறங்கிவிடும். சலம் கறுத்திருப்பது மட்டும் சாட்சியாகாது.

மருந்து ஹீமின் (ஹீமையே ஊசியாக ஏற்றுவது): உடல் எடையில் கிலோவுக்கு 3–4 மில்லிகிராம், நாளுக்கொரு தடவை, நான்கு நாள், பெரிய நாளத்தில். பிந்தினால் இழந்த பலத்தை அது சட்டென்று மீட்காது. ஹீமின் வரும்வரை நாளுக்கு 300 கிராம் குளுக்கோஸ் கொடுப்பதுண்டு. வெறும் குளுக்கோஸ் நீரே நிறைய ஏறினால் சோடியம் இன்னும் இறங்கி வலிப்பு வரலாம். அந்த வலிப்புக்குப் பெனிற்றோயின், பினோபாபிற்றோன், வல்புரோவேற் கொடுத்தால் நோய் மோசமாகும், லெவெற்றிராசிற்றம் பொருந்தும். வலிக்குப் பரசிற்றமோல், மோர்பின் பாதுகாப்பானவை.

குரல் மாறினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாவிட்டாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காத்திருக்கவேண்டாம்.

வீட்டில் மணிக்கட்டை நிமிர்த்திவைக்கும் தாங்கி கட்டுங்கள். விரல்களை நாளுக்கு மூன்று நான்கு தடவை நீங்களே மடக்கி நீட்டிவிடுங்கள். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு திரும்பியும் பயனில்லை. இனி முழுப்பட்டினி விரதம் வேண்டாம். மதுவும், கேட்காமல் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் கூடாது.

இது பரம்பரை நோய். கூடப்பிறந்த உங்களுக்கும் அந்த மரபணு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தாலும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதேயில்லை. சுகமாக இருக்கும்போது சலப் பரிசோதனை சரியாக வந்தால் மட்டும் போதாது, மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.