வாசகர் கேள்வி: வசந்தம் வந்தாச்சு, வெளியே வாங்க!

ஐயா, குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். வெளியே கூட்டிப் போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். பக்கத்தில் பார்க்கும்படி எதுவும் இல்லையே?

பக்கத்தில் மரம் இருக்கிறதா? ஒன்று போதும். சிரிக்காதீர்கள், என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

மொட்டையாக நிற்கும் மரம் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். கைக்கு எட்டும் கிளையில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வையுங்கள். கிளை நுனியில் இருக்கும் மொட்டை அடிக்கடி போய்ப் பார்த்து, ஒரே கோணத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. 'போரடிக்குது' என்பார்கள். விடாதீர்கள். அப்புறம் ஒருநாள் மொட்டு உப்பியிருக்கும், மேலே மூடியிருக்கும் செதில்கள் விலகி இடுக்கில் பச்சை தெரியும். நல்ல வெயில் சேர்ந்தாற்போல் அடித்தால், மடித்து வைத்த விசிறி மாதிரி இலை விரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நுனி மொட்டின் செதில்கள் உதிர்ந்த இடத்தில் கிளையைச் சுற்றி மெல்லிய வளையங்கள் நெருக்கமாகத் தழும்பு போல நிற்கும். குளிர்நாட்டு மரங்கள் பலவற்றில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நுனியிலிருந்து முதல் தழும்பு வரை ஸ்கேலை வைத்து அளந்தால் கிளை கடைசியாக ஒரு பருவத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே அடுத்த தழும்பு வரை அதற்கு முந்தைய வருடக் கணக்கு. எந்த வருடம் மரத்துக்கு நல்ல வருடம், எது கெட்ட வருடம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். தூரத்துப் பூங்காவெல்லாம் இலை விரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காற்று சில்லென்றுதான் இருந்தது. பகல் முழுக்க சைக்கிள் ஓட்டினேன். மாலையில் பின்கழுத்து சிவந்து எரிகிறது. குளிரில் எப்படி ஐயா வெயில் சுடும்?

தம்பி, தோலைச் சுட்டது வெயிலின் சூடு அல்ல, புற ஊதாக் கதிர். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. தெர்மாமீட்டரை அது மதிப்பதே இல்லை. ஏப்ரல் 21 அன்று நடுப்பகல் சூரியன் நிற்கும் உயரமும் ஆகஸ்ட் 21 அன்று நிற்கும் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகஸ்டில் வெறுங்கழுத்தோடு பகல் முழுக்கச் சுற்றியிருப்பீர்களா? நிலமும் நீரும் சூடேற நாளாகும், அதனால்தான் காற்று இன்னும் குளிர்காலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீட்டைப் பாருங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, காலர் வைத்த சட்டை, எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வெயில் பளிச்சென்று அடிக்கிறதே என்று ஏரியில் குதித்துவிடாதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னால் இழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். தவறி விழுந்தால் கை கால் அடிக்காமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு நீந்துங்கள்.

பூந்தோட்டத்துக்குப் போய்வந்தால் தும்மல் நிற்பதில்லை. பூக்களே ஆகாதா?

பாவம், பூக்களின் மேல் பழி போடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் பிசுபிசுப்பானது, பூச்சிகள்தான் சுமந்து போகும். காற்றில் பறந்து வந்து மூக்கில் ஏறுவது பெரும்பாலும் பகட்டில்லாமல் பூக்கும் மரங்கள், புற்களின் மகரந்தம். காற்றடிக்கும் உலர்ந்த நாளைத் தவிர்த்து, நிதானமாக ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். வீடு திரும்பியதும் உடை மாற்றி, தலைக்குக் குளியுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், என்னை அல்ல.

நடைபாதையில் பறக்கத் தெரியாத ஒரு பறவைக்குஞ்சு கிடந்தது. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காதாமே? பயந்து விட்டுவிட்டு வந்தேன்.

கை பட்டால் சேர்க்காது என்பது கட்டுக்கதை அம்மா. உடம்பெல்லாம் இறகு மூடி, தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது கூட்டை விட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இரையோடு காத்திருக்கும், நீங்கள் நகர்ந்தால்தான் வரும். மிதிபடும் இடத்தில் இருந்தால் தூக்கிப் பக்கத்துப் புதரடியில் விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். இறகே முளைக்காத செக்கச்சிவந்த குஞ்சு என்றால் கூடு தேடி அதில் திரும்ப வைக்கலாம். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறிச் செத்துவிடும். வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? அதைக் கொஞ்ச நாளைக்கு உள்ளேயே வைத்திருங்கள்.